கடவும் பரிசலும்: ஒகேனக்கல்லின் ஆற்றுத் தொழில்கள்

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திலிருந்து இறங்கும் மலைச்சாலை காவிரியைத் தொடும் இடத்தில் அமைந்த ஒகேனக்கல், இன்று அருவிக் குளியலுக்கும் பரிசல் சவாரிக்கும் பெயர்பெற்றிருந்தாலும், வருவோர் காசு கொடுத்து அனுபவிக்கும் இன்பங்களுள் பல, ஆற்றங்கரை வாழ்வின் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தவையே. கன்னடத்தில் 'ஹொகே' புகையையும் 'கல்லு' பாறையையும் குறிப்பதால், விழும் நீர் திவலையாகிப் புகைபோல் எழும் பாறை என்பது ஊர்ப்பெயரின் பொருள். சவாரி புறப்படும் துறைகளுள் ஒன்று மாமரத்துக்கடவு எனப்படுகிறது; கடவு என்பது ஆற்றைக் கடக்கும் இடமாதலால், பரிசலின் பழைய பயன் அப்பெயரில் இன்னும் தங்கியிருக்கிறது.

பரிசல் என்பது மூங்கிலைப் பிளாச்சுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்டி, அடிப்புறத்தில் நீர்புகாத போர்வை இட்ட வட்டக் கூடைப்படகு. அப்போர்வை முற்காலத்தில் மாட்டுத் தோலாக இருந்து, பின்னர் பிளாஸ்டிக் தாளாகவும் தார்ப்பூச்சாகவும் மாறியது. சுமார் 1520இல் விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், அங்கே தோல் போர்த்திய வட்டப் படகுகள் பதினைந்து இருபது பேரையும், வேண்டியபோது குதிரைகளையும் எருதுகளையும் ஏற்றிச் சுழன்றவாறே ஆற்றைக் கடந்ததை எழுதிவைத்திருப்பதால், தென்னாட்டுப் பாறை ஆறுகளில் இவ்வகைப் படகின் பழமை ஐயத்துக்கு இடமற்றது. அடி தட்டையாக இருப்பதால் அது ஆழமற்ற நீரிலும் மிதக்கும். மூங்கில் வளைந்து கொடுப்பதால் பாறையில் மோதினாலும் எளிதில் பிளவாது. முன்பின் இல்லாத அதனை, துடுப்பின் ஒவ்வொரு வலிப்புக்கும் சுழன்றுவிடாமல் நேரே செலுத்துவதே ஓட்டியின் கைத்திறன். இன்று வருவோரை மகிழ்விக்க அவர் வேண்டுமென்றே சுழற்றிக் காட்டுவது, படகின் குறையையே விலைப்பொருளாக்கிய வேடிக்கை. பாறை மறித்த இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தாங்கி அவர் நடக்கும்போது, தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு ஆமை ஒன்று எழுந்து நடப்பதுபோல் தோன்றும்.

எண்ணெய் தேய்த்து நீராடும் பொதுவழக்கம் இங்கே அருவியோரப் பாறைகளில் கூலித்தொழிலாகி, 'மசாஜ்' என்ற பெயரையும் பெற்றுவிட்டது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் விரிந்த நீர்த்தேக்கம் மீன்பிடிப்பை வளர்க்க, வாங்கிய மீனைக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்தும் குழம்பு வைத்தும் தரும் பெண்களின் அடுப்புகள் கரையில் பெருகின. ஆடிப் பதினெட்டில் புதுப்புனலாட வருவோர் கூட்டமும், 1992இல் வெளிவந்த 'ரோஜா' போன்ற திரைப்படங்கள் காட்டிய அருவியைக் காண வருவோர் கூட்டமும் இவ்வடுப்புகளையே நாடுகின்றன.

இத்தனைக்கும் ஆற்றின் இசைவு வேண்டும். மேலே பிலிகுண்டுலுவில், வினாடிக்குப் பாயும் நீரைக் கன அடியில் அளக்கும் நிலையம் நீர்வரத்து மிகுந்ததைக் காட்டும் நாட்களில், மாவட்ட நிருவாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்க, பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்துக்கும் மீன் சட்டிக்கும் வேலை இல்லை.