விடிவதற்கு முன் முடியும் பாட்டு

ஜனரஞ்சகப் பாட்டைப் பற்றி எழுதினால் நம் வட்டத்தில் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். அது மலிவான உணர்ச்சி, அதில் விமர்சகனுக்கு வேலை இல்லை என்பது ஒன்று. மலிவானதுதான் மக்களுடையது, ஆகவே அதைக் கொண்டாட வேண்டும் என்பது மற்றது. இரண்டுமே பாட்டைக் கேட்காமலே சொல்லிவிடக்கூடிய அபிப்பிராயங்கள். நான் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1991-ல் அமெரிக்கப் பாடகி பான்னி ரெய்ட் பாடி வெளிவந்த 'ஐ கான்ட் மேக் யூ லவ் மீ.' காதலைக் கைவிடுவது பற்றிய பாட்டு என்று இதைச் சொல்வார்கள். அந்தக் கைவிடுதல் எங்கிருந்து வந்தது, பாட்டுக்குள் அது வாஸ்தவமாக நடக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் எனக்கு.

பாட்டின் நிலைமை எளியது. இரவு, ஓர் அறை, இரண்டு பேர். தன்னை நேசிக்காத ஒருவனிடம் ஒருத்தி கடைசியாக ஓர் இரவு உடன் இருக்கக் கேட்கிறாள். தேறுதலுக்காகப் பொய் சொல்லவேண்டாம் என்கிறாள். விடிந்தபின் தான் செய்யவேண்டியதைச் செய்துவிடுவதாக, இந்தப் போராட்டத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறாள். கதை அவ்வளவுதான். ஒருத்தி என்று நான் சொல்வது பாடும் குரலை வைத்து. வார்த்தைகளில் ஆண், பெண் என்ற அடையாளம் இல்லை. 1996-ல் பிரின்ஸும் 1997-ல் ஜார்ஜ் மைக்கேலும் ஒரு பாலும் மாற்றாமல் இதைப் பாட முடிந்தது அதனால்தான்.

ஆனால் பாட்டின் பிறப்பில் பால் உண்டு, துப்பாக்கியும் உண்டு. எழுதியவர்கள் மைக் ரீட், ஆலன் ஷாம்ப்லின் என்ற இரண்டு நாஷ்வில் பாடலாசிரியர்கள். மைக் ரீட் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தார். ஒருவன் குடித்துவிட்டுத் தன் காதலியின் காரைச் சுட்டிருக்கிறான். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று நீதிபதி கேட்கிறார். விருப்பமில்லாத பெண்ணைக் காதலிக்கவைக்க முடியாது என்று கற்றுக்கொண்டேன் என்கிற பொருளில் அவன் பதில் சொல்கிறான். பாட்டின் விதை இந்தப் பதில். முதலில் இதை வேகமான புளூகிராஸ் பாட்டாகத்தான் எழுதத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் அது இழுத்துக்கொண்டு போனது. வேகத்தைக் குறைத்த பிறகே பாட்டு தன் உருவத்தைக் கண்டுகொண்டது.

வேகமாகவே இருந்திருந்தால் அது அந்த முட்டாளின் கதையாகியிருக்கும். குடி, கார், துப்பாக்கி, கோர்ட், கடைசியில் ஒரு நீதி. கேட்பவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். வேகம் குறைந்ததும் கார் போய்விட்டது, துப்பாக்கி போய்விட்டது, நீதிபதியும் போய்விட்டார். வாக்கியம் மட்டும் மிஞ்சியது. அந்த வாக்கியத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கோர்ட்டில் நின்றவன் சொன்னது 'ஒரு பெண்ணை' என்று, படர்க்கையில், நீதிபதியைப் பார்த்து. பாட்டு சொல்வது 'உன்னை' என்று, முன்னிலையில், பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்த்து. தண்டனைக்கு முன்னால் ஒப்பித்த பாடம், இழப்புக்கு முன்னால் தனக்கே சொல்லிக்கொள்ளும் உண்மையாகிறது. இந்த இடம்பெயர்தலில்தான் பாட்டின் சிருஷ்டி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மைக் ரீட் பற்றி ஒரு தகவல். பாட்டு எழுத வருமுன் அவர் அமெரிக்கக் கால்பந்து வீரர். பென்சில்வேனியாவில் இசை படித்தவர், 1970 முதல் 1974 வரை சின்சினாட்டி பெங்கல்ஸ் அணியில் தற்காப்பு வரிசையில் ஆடினார். எதிரே நிற்பவனை உடம்பால் தள்ளி நகரவைப்பதுதான் அங்கே வேலை. பலத்தால் எதையெல்லாம் செய்யவைக்க முடியும் என்பதை அறிந்த ஒருவர், செய்யவைக்க முடியாத ஒன்றைப் பற்றி எழுதினார். இதற்கு மேல் நான் அழுத்தம் தரவில்லை. தந்தால் அது விமர்சனமாகாது, ஜோசியமாகிவிடும்.

இனி பாட்டுக்கு வெளியே உள்ள சரித்திரம். அமெரிக்க ஜனரஞ்சகப் பாட்டில் காதல் தோல்வி புதிதல்ல, கைவிடுதல்தான் புதிது. 1920களிலும் 30களிலும் 'டார்ச் ஸாங்' என்று ஒரு வகை இருந்தது. ஒருத்தி தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டே நிற்பாள், அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். 'மை மேன்' என்ற பாட்டு 1920-ல் பிரெஞ்சில் பிறந்தது. 1921-ல் நியூயார்க்கின் ஸீக்ஃபெல்ட் மேடையில் ஃபேனி ப்ரைஸ் அதை ஆங்கிலத்தில் பாடினார். அவன் அடிக்கிறவன் என்பது அதில் சொல்லப்பட்டுவிடுகிறது. இருந்தாலும் அவள் அவனுடையவள்தான். விடாமல் இருப்பதே அந்தப் பாட்டுகளின் அழகியல், அடி அதன் அலங்காரம்.

1945-ல் ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரின் 'கரூஸல்' பிராட்வேயில் ஏறியது. மோல்னாரின் 'லிலியம்' என்ற ஹங்கேரிய நாடகத்திலிருந்து எடுத்தது. நாயகன் பில்லி பிகலோ மனைவியை அடிக்கிறவன். செத்தபின் ஒரு நாளைக்குப் பூமிக்குத் திரும்பி வந்து மகளையும் அடிக்கிறான். வலிக்கவில்லையே என்று மகள் தாயிடம் கேட்க, அப்படியும் நடக்கும் என்று தாய் சொல்கிறாள். சபை கண் கலங்குகிறது. அந்த பில்லி பிகலோவை பிராட்வேயில் முதன்முதல் ஏற்று நடித்த பாடகர் ஜான் ரெய்ட். பான்னி ரெய்ட்டின் தகப்பனார் அவர்தான்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். தந்தை ஏற்ற வேஷத்துக்கு மகள் பொறுப்பல்ல, தந்தையும் அல்ல. ஆனாலும் ஒரு கலாசாரம் நாற்பத்தைந்து ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை ஒரே வீட்டில் பார்க்க முடிகிறது. கை ஓங்கும் காதலை மன்னித்த மேடையில் தந்தை நின்றார். துப்பாக்கி எடுத்த காதலிலிருந்து துப்பாக்கியை உருவி எறிந்த பாட்டு மகளிடம் வந்து சேர்ந்தது.

நடுவில் நடந்தவற்றில் இரண்டு, பாட்டுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் சட்டங்கள். யார்மீது குற்றம் என்று நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் 1969-ல் கலிபோர்னியாவில் கையெழுத்தாகி 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கரோல் கிங் 'இட்ஸ் டூ லேட்' பாடினார். வார்த்தைகள் டோனி ஸ்டெர்ன் எழுதியவை. ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. அங்கே யாரும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ஒன்று முடிந்துவிட்டது, இருவருக்கும் தெரிந்திருக்கிறது. சட்டம் பாட்டை உண்டாக்கிற்று என்று நான் சொல்லவில்லை. குற்றவாளி இல்லாத பிரிவு என்பது ஒரே காலத்தில் கோர்ட்டிலும் ரேடியோவிலும் சொல்லக்கூடிய விஷயமாயிற்று என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது சட்டம் இருண்டது. 1989-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இளம் நடிகையை, அவரிடம் வெறிகொண்ட ரசிகன் ஒருவன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அந்தக் கொலையையும் அதையொத்த வேறு சில கொலைகளையும் அடுத்து, ஒருவரை விடாமல் பின்தொடர்வதையே குற்றமாக்கும் சட்டத்தை 1990-ல் கலிபோர்னியா கொண்டுவந்தது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல் சட்டம். 1991 ஜனவரி 1-ல் அமலாயிற்று. அதே 1991-ன் ஜூன் மாதத்தில் பான்னி ரெய்ட்டின் 'லக் ஆஃப் த டிரா' இசைத்தட்டில் நம் பாட்டு வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1983-ல், போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' எட்டு வாரம் அங்கே முதலிடத்தில் இருந்திருக்கிறது. விலகிப்போனவளின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கிறவனின் பாட்டு அது. எழுதிய ஸ்டிங்கே அது இனிய பாட்டல்ல என்று சொல்லியும் கல்யாணங்களில் அதைப் போட்டார்கள். விடாமையைக் காதல் என்று கேட்கப் பழகிய காது அது. பான்னி ரெய்ட்டின் பாட்டோ 18-ம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. இன்று அதைப் பாடாத பெரிய குரல் குறைவு என்பது வேறு விஷயம்.

நம்மிடம் இதற்குப் பெயர்கள் உண்டு என்று ஒரு நண்பர் நினைவூட்டினார். பொருளதிகாரம் ஏழு திணைகளைச் சொல்லி, ஒரு நுனியில் கைக்கிளையையும் மறு நுனியில் பெருந்திணையையும் வைக்கிறது. மடலேறி ஊரைக் கூட்டிப் பெண்ணை வற்புறுத்தி வாங்குவது பெருந்திணை. அந்தக் கணக்கில் இந்தப் பாட்டு பெருந்திணையில் பிறந்து கைக்கிளையில் வந்து நிற்கிறது எனலாம். சௌகரியமான வாய்ப்பாடுதான். ஆனால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கைக்கிளையில் எதிர்ச்சொல் இல்லை, ஒருவர் பேசிப் பேசித் தானே மகிழ்வதுதான் அதன் இலக்கணம். இந்தப் பாட்டில் எதிர்ச்சொல் வந்துவிட்டது. பதில் கிடைத்த பின்னுள்ள இரவைப் பற்றியது இது. அதற்கு நம் இலக்கணத்தில் அறை ஒதுக்கவில்லை.

பாட்டைப் பாடியபோது பான்னி ரெய்ட்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1971-ல் முதல் இசைத்தட்டு. ஸிப்பி வாலஸ், ஃப்ரெட் மெக்டவல் போன்ற மூத்த கறுப்பினக் கலைஞர்களிடம் புளூஸைக் கற்றவர். 1983-ல் கம்பெனி அவரைக் கைவிட்டது. பின்னர் குடியை அவர் கைவிட்டார். 1989-ல் 'நிக் ஆஃப் டைம்', மறு ஆண்டு அதற்கு கிராமி. கைவிடப்படுவது, கைவிடுவது இரண்டின் எடையும் தெரிந்த குரல். ப்ரூஸ் ஹார்ன்ஸ்பியின் பியானோ முன்னால் நடக்க, அவருடைய அடையாளமான ஸ்லைடு கிட்டார் ஒதுங்கிக்கொள்கிறது. உச்சஸ்தாயிக்குப் போய்க் கண்ணீரைப் பிடுங்கும் சந்தர்ப்பங்கள் மெட்டில் இருக்கின்றன. பின்னால் பாடிய பலர் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இவர் பெரும்பாலும் பேச்சின் அளவிலேயே நிற்கிறார். மன்றாடும் குரலாக இருந்திருந்தால் அது வற்புறுத்தலின் இன்னொரு உருவமாகியிருக்கும். அழுகையும் ஒரு துப்பாக்கிதான். அவர் அதை எடுக்கவில்லை.

ஆனால் பாட்டைப் புனிதமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அதில் ஒரு பிசிறு இருக்கிறது. அவள் கைவிடுகிறேன் என்கிறாள், ஆனால் ஓர் இரவு கேட்கிறாள். காதல் இல்லை என்று தெரிந்தபின் காதலின் பாவனையைக் கேட்பது, பொய் சொல்லாதே என்றுகொண்டே உடம்பால் ஒரு பொய்யைக் கேட்பதல்லவா? சுயமரியாதை இல்லாத பாட்டு என்று நண்பர் ஒருவர் இதை ஒதுக்கினார். அவர் பிசிறைச் சரியாகவே தொட்டார், தவறாகப் படித்தார் என்பது என் கட்சி. கைவிடுதல் இந்தப் பாட்டில் எதிர்காலத்தில்தான் இருக்கிறது. விடிந்தபின் செய்வேன் என்கிறாள். பாட்டு விடிவதற்கு முன் முடிந்துவிடுகிறது. செய்தாளா என்பது நமக்குத் தெரியாது. கரோல் கிங்கின் பாட்டில் எல்லாம் முடிந்திருக்கிறது, ஆகவே அது தெளிவாக இருக்கிறது. இங்கே முடியவில்லை, ஆகவே இது உண்மையாக இருக்கிறது. முழுதாகக் கைவிட்டவர் பாடமாட்டார். பாடுகிறவர் இன்னும் கைவிடாதவர். துப்பாக்கி எடுத்தவனுக்கும் இவளுக்கும் உள்ள வித்தியாசம் ஆசையின் அளவில் இல்லை. அந்த ஆசையை வைத்துக்கொண்டு இன்னொருவரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில் இருக்கிறது. அவள் கேட்கிறாள். மறுக்கும் உரிமை கேட்கப்பட்டவரிடமே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்று கேட்கலாம். என் இருபத்தெட்டாம் வயதில் ஒருவருக்குப் பதினோரு மாதம் கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கே பதில் வந்துவிட்டது, வேண்டாம் என்று, மரியாதையாக. மற்றவை எல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகு எழுதியவை. அவற்றில் சில வரிகளைப் பிரித்துக் கவிதை என்று பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். மூன்று வெளிவந்தன. இதைப் படிக்கும் நண்பர்களில் சிலர் அவற்றைப் பாராட்டி எழுதினீர்கள், தீவிரம் என்ற சொல்லைப் பயன்படுத்தினீர்கள். அந்தக் கவிதைகளைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. விடாமையை ஆழம் என்று எண்ணும் பழக்கம் ஜனரஞ்சகத்துக்கு மட்டும் சொந்தமல்ல, நம் பக்கங்களிலும் அது நல்ல காகிதத்தில் அச்சாகியிருக்கிறது.

ஒரு காரைச் சுட்டவன் நீதிபதியின் முன் நின்று கற்றுக்கொண்ட ஒற்றை வாக்கியத்தை, எந்த நீதிபதியும் இல்லாமல் கற்றுக்கொள்ள எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்தக் கவிதைகளை நான் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை.