சான்டா ஃபே

சான்டா ஃபே, அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகர். சாங்ரே தே கிறிஸ்தோ மலையடிவாரத்தில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அந்நாட்டின் மாநிலத் தலைநகரங்களுள் மிகப் பழையதும் மிக உயரத்தில் இருப்பதும் இதுவே. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 87,505.

வரலாறு

புவெப்லோ பழங்குடியினர் வாழ்ந்துவந்த இப்பகுதியில், 1610ஆம் ஆண்டளவில் ஸ்பானிய ஆளுநர் பெத்ரோ தே பெரால்தா நகரை நிறுவினார். கட்டாய உழைப்பும் சமய ஒடுக்குமுறையும் பெருகவே, 1680இல் போப்பே என்பவரின் தலைமையில் புவெப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டினர். 1692-93இல் தியேகோ தே வர்காஸ் நகரை மீட்டார்.

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் மிசௌரியிலிருந்து வணிக வண்டிகள் வரத் தொடங்கின. 1846இல் அமெரிக்கப் படை நகரைப் பிடித்தது; 1848இல் மெக்சிகோவுடன் ஏற்பட்ட உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. 1880இல் வந்த ரயில்வேயின் முதன்மைத் தடம் நகரைத் தொடாமல் சென்றது. கிளைத் தடம் மட்டுமே கிடைத்ததால் வணிகம் தளர்ந்தது.

நியூ மெக்சிகோ மாநிலமான 1912ஆம் ஆண்டிலேயே, பழைய தோற்றத்தைக் காத்துப் பயணிகளை ஈர்க்கும் நகரத் திட்டம் உருவானது. அமெரிக்கப் பாணிக்கு மாறியிருந்த முகப்புகள் பல, சுடாத மண்கல் வீடுகளின் சாயலுக்குத் திருத்தப்பட்டன. 1957இல் இப்பாணி சட்டமாயிற்று. இன்று காணும் மண்நிற ஒருமைப்பாட்டில் பழமைக்கு உள்ள பங்கு இந்த 20ஆம் நூற்றாண்டு முடிவுகளுக்கும் உண்டு.

காணத்தக்க இடங்கள்

நகரச் சதுக்கத்தின் வடபுறம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆளுநர் மாளிகை இருக்கிறது. அதன் இன்றைய தாழ்வாரம் 1913இல் பழைய ஸ்பானியப் பாணியில் கட்டப்பட்டது. அங்கே பழங்குடிக் கைவினைஞர்கள் வெள்ளி நகைகளும் மட்பாண்டங்களும் விற்கின்றனர். எழுத்தாளர் லூ வாலஸ் நியூ மெக்சிகோ ஆளுநராக இருந்தபோது ‘பென்-ஹர்’ நாவலை இந்நகரில் முடித்தார்.

அருகிலுள்ள புனித பிரான்சிஸ் பேராலயம், பேராயர் லாமி 1869இல் தொடங்கிய கற்கட்டடம். லொரெட்டோ சிற்றாலயத்தின் மரச் சுழல்படிக்கட்டு, நடுத்தூண் இல்லாமல் இரு முழுச் சுற்றுச் சுற்றி மேலேறுகிறது. 1997இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப்பின் படைப்புகளுக்கு உரியது. கேன்யன் சாலை நெடுகக் கலைக்கூடங்கள் உள்ளன. 1922இல் தொடங்கிய பழங்குடிக் கலைச்சந்தை ஆகஸ்டில் கூடுகிறது; 1957இல் நிகழ்ச்சிகளைத் தொடங்கிய ஓப்பரா கோடைதோறும் நடக்கிறது. மண்நிறக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட புதுமை காண விரும்புவோர், பழைய பௌலிங் கூடமொன்றில் 2016இல் திறக்கப்பட்ட மியாவ் வுல்ஃப் கலைக்கூடத்துக்குச் செல்கின்றனர்.