எவாஞ்சலிக்கல் இறையியல் என்றால் என்ன? போப் இல்லாத மரபில் எல்லைக்கோட்டை வரைவது யார்?

ஒரு பேராசிரியர் பைபிளுக்கு விளக்கவுரை எழுதுகிறார். சக அறிஞர்கள் ஓட்டுப் போட்டு, அவரைச் சங்கத்தை விட்டே வெளியேறச் சொல்கிறார்கள். 1983-ல் அமெரிக்காவில் நிஜமாகவே இது நடந்தது. 'எவாஞ்சலிக்கல்' இறையியல் எப்படி இயங்குகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எவாஞ்சலிக்கல் என்றால் யார்?

'நற்செய்தி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. தமிழில் 'சுவிசேஷம்' என்கிறோமே, அதேதான். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் 'எவாஞ்சலிஸ்ட்' வேறு, 'எவாஞ்சலிக்கல்' வேறு. முதலாவது ஓர் ஊழியம். இரண்டாவது, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்துக்குள் இருக்கும் ஒரு மரபு.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் அங்கே அது ஜெர்மன் வழக்கப்படி 'புராட்டஸ்டன்ட்' என்ற அர்த்தத்தில் வருகிறது. இங்கே நாம் பேசுவது, 18-ம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, ஜார்ஜ் விட்ஃபீல்ட் போன்றவர்களின் எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்த மரபு.

4 அடையாளங்கள்

பிரிட்டன் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் சொன்ன 4 அடையாளங்களைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்:

- தனிமனிதரின் மனமாற்றம்
- பைபிளுக்கே முதலிடம்
- இயேசுவின் சிலுவை மரணமே மையம்
- நம்பிக்கையைச் செயலில் காட்டுவது

கையெழுத்துதான் எல்லை

கத்தோலிக்கத்தில் கோட்பாட்டுச் சிக்கல் வந்தால் கடைசி வார்த்தை வாத்திகனுடையது. எவாஞ்சலிக்கல் மரபில் அப்படி ஒரு தலைமை கிடையாது. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே எனப் பல சபைகளில் இது பரவியிருக்கிறது. அதனால் பல கல்லூரிகளும் சங்கங்களும் 'விசுவாச அறிக்கை' ஒன்றை வைத்து, அதில் கையெழுத்துப் போடச் சொல்கின்றன.

1949-ல் தொடங்கிய அமெரிக்காவின் எவாஞ்சலிக்கல் இறையியல் சங்கம், ஆரம்பத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வைத்தது. பைபிள் மட்டுமே எழுதப்பட்ட தேவ வார்த்தை, அதன் மூலப் பிரதிகளில் பிழையே இல்லை என்பது அதன் சாரம். திரித்துவம் பற்றிய வரி 1990-ல்தான் சேர்ந்தது.

சிக்கல் எங்கே வந்தது?

பைபிளில் பிழை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் சண்டை.

ராபர்ட் கண்ட்ரி, மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய விளக்கவுரை 1982-ல் வெளியானது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் போன்ற சில பகுதிகள் நேரடி வரலாறு அல்ல, அக்கால யூத எழுத்து வழக்கப்படி மத்தேயு விரித்து எழுதியவை என்றார் அவர். பைபிள் பிழையற்றது என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஆனாலும் 116-க்கு 41 என்ற வாக்குகளில், அவரை ராஜினாமா செய்யும்படி சங்கம் கேட்டது.

அடுத்த பெரிய மோதல் 2003-ல். எதிர்காலத்தில் மனிதர்கள் சுதந்திரமாக எடுக்கப்போகும் முடிவுகள் கடவுளுக்கு முன்கூட்டியே முழுமையாகத் தெரியாது என்பது 'திறந்த இறையியல்' எனப்படும் கருத்து. இதை ஆதரித்த கிளார்க் பின்னாக், ஜான் சாண்டர்ஸ் இருவரையும் நீக்க வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. சாண்டர்ஸுக்கு எதிராக சுமார் 63% விழுந்தது. பின்னாக்குக்கு எதிராக சுமார் 33% மட்டுமே. இருவரும் தப்பினார்கள்.

ஆனால் அடுத்த ஆண்டே, சாண்டர்ஸ் பேராசிரியராக இருந்த ஹண்டிங்டன் கல்லூரி அவரைப் பணியிலிருந்து விலக்க முடிவெடுத்தது.

2007-ல் இன்னொரு திருப்பம். சங்கத்தின் தலைவராகவே இருந்த பிரான்சிஸ் பெக்வித் கத்தோலிக்கத்துக்குத் திரும்பி, பதவியை விட்டு விலகினார்.

இது ஏன் முக்கியம்?

எல்லை இல்லையென்றால் மரபுக்கே அர்த்தம் இருக்காது என்பது ஒரு தரப்பின் வாதம். பைபிளுக்கு மட்டுமே முதலிடம் என்று சொல்லிவிட்டு, அதைப் படிக்கும் முறையை ஓட்டெடுப்பில் தீர்மானிக்கலாமா என்பது மறுதரப்பின் கேள்வி.

இடையில் மாட்டிக்கொள்வது ஆய்வாளர்தான். இந்த மரபின் கல்லூரிகளில், அவர் எழுதும் ஒரு விளக்கவுரை அவருடைய வேலையையே கேள்விக்குள்ளாக்கலாம்.