காப்பி வெள்ளித்தோலின் நார்ப்பொருள்: ஓர் எண்ணின் மறுவாசிப்பு

காப்பிக்கொட்டையை வறுக்கையில் அதன்மேல் ஒட்டியிருக்கும் வெள்ளித்தோல் கழன்று உமியாகப் பறக்கிறது. எடையில் கொட்டையின் சுமார் 4 விழுக்காடுதான். ஆனால் பெரிய வறுவல் ஆலைகளில் அதுவே குவியல் குவியலாகச் சேர்ந்து, எளிதில் தீப்பற்றும் தொல்லையாகிறது. இதை ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சேர்க்கலாம் என்னும் ஆய்வுப்போக்கு பெருமளவுக்கு ஒரே வரியில் ஊன்றி நிற்கிறது. 2004இல் வெளியான ஒரு கட்டுரையின் சுருக்கம், வெள்ளித்தோலின் மொத்த நார்ப்பொருளில் 86 விழுக்காடு கரையும் வகை என்கிறது. கரையும் நார் கொழுப்பைக் குறைக்கும், சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும் என்பதால் அவ்வரி மேற்கோளாகப் பரவியது. அது தலைகீழாகிவிட்ட வரி என்று கருதுகிறேன்.

2014இல் வெளியான பகுப்பாய்வொன்றை அதனருகே வைத்துப் பார்க்கலாம். அதில் மொத்த நார் 54.11 விழுக்காடு, கரையாதது 45.98, கரைவது 8.16. கரையாத பங்கு மொத்தத்தில் 85 விழுக்காடு ஆகிறது. ஓரிடத்தில் 86 கரைவது, இன்னோரிடத்தில் 85 கரையாதது. அளவு ஏறத்தாழ மாறவில்லை, பெயர் மட்டும் இடம்மாறியிருக்கிறது. முதற்கட்டுரையாளர்களின் ஆய்வுக்கூடப் பதிவேட்டைக் காணாமல் இதை எழுத்துப்பிழை என்று முடிவுகட்ட இயலாது. ஆயினும் வேதியியலும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அதே 2014 ஆய்வில் நீரில் கரையாத செல்லுலோஸ் ஏறத்தாழ 24 விழுக்காடு. நார்ப்பொருள் 60 விழுக்காடு என்று தாராளமாகக் கொண்டு, அதில் நூற்றுக்கு 86 பங்கு கரையும் என்றால், கரையாதவை அனைத்துக்கும் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் எஞ்சும். 24 விழுக்காடு செல்லுலோஸ் அதற்குள் எப்படி அடங்கும்? கரையாத இன்னொரு பொருளான லிக்னினின் அளவை இங்கே நான் சான்றாக எடுக்கவில்லை. வறுக்கும்போது உருவாகும் பழுப்பு நிற மெலனாய்டின்களும் புரதச் சேர்மங்களும் அமிலத்தில் கரையாமல் நின்று லிக்னின் கணக்கில் ஏறிவிடும். செல்லுலோஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை; அது குளுகோஸாக உடைத்து அளக்கப்படுகிறது.

அளவீட்டு முறையும் கவனத்துக்குரியது. நொதிகளால் மாவுச்சத்தையும் புரதத்தையும் செரிக்கவைத்து வடிகட்டினால் வடிதாளில் தங்குவது கரையாத நார். வடிநீரில் நான்கு மடங்கு எத்தனால் ஊற்றினால் வீழ்படிவது கரையும் நார். அந்த எத்தனாலில் மெலனாய்டின்களும் சேர்ந்தே படியும். ஆகவே 8.16 என்பதே மிகை மதிப்பீடாக இருக்க இடமுண்டு. வெந்நீரில் ஒரு சிட்டிகை வெள்ளித்தோலைப் போட்டால் நீர் பழுப்பாகிறது, செதிலோ செதிலாகவே கிடக்கிறது. வெளியேறிய அந்நிறத்தை நார் கரைந்ததாகக் கொள்ள முடியாது.

அராபிகா, ரொபஸ்டா ஆகிய காப்பி இனங்களின் வேறுபாடு இம்முரணை விளக்கும் என்பர். இனமும் வறுவலும் சில விழுக்காட்டை நகர்த்தலாம். 8ஐ 50க்கு மேல் உயர்த்தா. சோதனைக்குழாயில் நன்மைதரும் பாக்டீரியாக்கள் பெருகியதைச் சிலர் காட்டுகிறார்கள். பாக்டீரியாக்கள் கரையாத நாரிலும் ஒரு பகுதியை உண்பவை; ஆதலால் அம்முடிவு கரைதிறனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உணவில் சேர்ப்பதற்கு அதைவிடக் கனமான தடை, பூஞ்சைநச்சான ஒக்ராடாக்சின்-ஏ. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வறுத்த காப்பிக்கு அதன் வரம்பைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3 ஆகக் குறைத்துள்ளது. கொட்டையின் வெளிப்புறத்தில் இருக்கும் தோலை அப்படியே மாவில் கலப்போர் இந்நச்சைத் தொகுதிதோறும் அளந்தாக வேண்டும்.

கரையாமை உணவில் குறையாகத் தோன்றலாம். பொருளாக்கத்தில் அதுவே வலிமை. 2019 டிசம்பரில் ஃபோர்டும் மெக்டொனால்ட்ஸும் அறிவித்த திட்டத்தில், உமி குறைந்த ஆக்சிஜனில் உயர்வெப்பத்துக்கு உள்ளாகி, பிளாஸ்டிக்குடன் கலந்து குறுணையாகி, காரின் முகப்புவிளக்குக் கூடாக வார்க்கப்படுகிறது. பாகத்தின் எடை சுமார் 20 விழுக்காடு குறையும், வார்ப்புக்கான ஆற்றல் 25 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது நிறுவனத்தாரின் கணக்கு. சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் டால்க்குக்கு மாற்றாக உமி அங்கே நிற்கிறது. வெள்ளித்தோல் ஆய்வுக்கான பணமும் உழைப்பும் இத்திசைக்கே முதலில் செல்ல வேண்டும். உணவுத் திசையில் தொடர விரும்புவோர், கரையும் பங்கையும் கரையாத பங்கையும், எத்தனால் வீழ்படிவில் எஞ்சிய புரதத்தையும், ஒரே மாதிரிக்கு ஒரே அட்டவணையில் வெளியிடட்டும்.