வீடும் குடும்பமும்: யப்பானியக் கடும் இயலாமையுடையோர் இயக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடும் இயலாமையுடையோரின் பராமரிப்புப் பற்றிய சிந்தனையில் 1970கள் ஒரு திருப்புமுனையாக அமைந்தன. பெரும் பராமரிப்பு நிலையங்களுக்கு வெளியே, சமூகத்தின் நடுவிலேயே அவர்கள் வாழ்தல் வேண்டும் என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. அக்கருத்து இரு வேறு ஊற்றுகளிலிருந்து தோன்றியது என்பதை நாம் மனங்கொள்ளுதல் அவசியமாகும்.

முதலாவது, சுகாதாரத் திட்டமிடலின் வழி வந்தது. 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா மாநாடு புனர்வாழ்வினை ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வுக்கான கைந்நூலொன்றைப் பரீட்சார்த்தமாக வெளியிட்டது. அதனை ஆக்கியோருள் இலங்கையரான பத்மனி மென்டிசும் ஒருவர். குடும்பத்தவர் ஒருவரையே பயிற்றுநராக்கி, வீட்டிலேயே பயிற்சி அளித்தல் அதன் அடிப்படையாகும். இரண்டாவது ஊற்று, இயலாமையுடையோர் தாமே நடத்திய போராட்டமாகும். முன்னையது குடும்பத்தை ஆதாரமாகக் கொண்டது; பின்னையதோ குடும்பத்தையே வினாவுக்குட்படுத்தியது. இவ்விரண்டாவது போக்கினை யப்பானின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

போருக்குப் பிந்திய யப்பானின் துரித பொருளாதார வளர்ச்சி, நகரத் தனிக்குடும்பத்தைப் பொதுவழக்காக்கியது. கணவன் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் உரியவனாக, இயலாமையுடைய பிள்ளையின் பராமரிப்பு முழுவதும் தாய் ஒருத்தியின் தோளில் விழுந்தது. அச்சுமையைக் குறைக்கும் வழியாக அரசு கண்டது பெரும் நிலையங்களையே. 1968இல் டோக்கியோ மாநகர நிருவாகம் திறந்த ஃபுச்சூ நிலையம் அத்தகையவற்றுள் ஒன்று.

1970 மே மாதத்தில் யொக்கொஹாமா நகரில் ஒரு தாய், பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தன் இரண்டு வயதுப் பெண் குழந்தையைக் கொன்றாள். நிலையங்கள் போதாமையே இதற்குக் காரணம் எனப் பத்திரிகைகள் எழுதின. தாய்க்குக் கருணை காட்டுமாறு கோரிக் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. இதனை எதிர்த்து நின்றது ‘அவோய் ஷிபா நோ காய்’, அதாவது ‘பசும்புல் சங்கம்’. 1957இல் பெருமூளை வாதமுடையோரால் டோக்கியோவில் அமைக்கப்பட்ட இச்சங்கத்தின் கனகாவா கிளையில் யொக்கோட்டா ஹிரோஷி, யொக்கோசூக்கா கோயிச்சி ஆகியோர் முன்னின்றனர். தாயைப் பழிவாங்குதல் அவர்தம் நோக்கமன்று. அவளைக் கொலைக்குத் தள்ளிய சமூகமே அவளுக்காக இரங்குகையில், கொல்லப்பட்ட குழந்தையின் உயிர் எவர் கணக்கிலும் வரவில்லை என்பதே அவர்கள் சுட்டிய உண்மையாகும். 1971இல் நீதிமன்றம் அத்தாய்க்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையையே விதித்தது. 1975இல் வெளிவந்த யொக்கோசூக்காவின் நூல், ‘தாயே, கொல்லாதே’ என்னும் பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது.

இங்கு தோன்றும் கோட்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. பெற்றோரின் அன்பு எனப் போற்றப்படுவது, பிள்ளையின் வாழ்வைத் தன் உடைமையாகக் கருதும் ஆதிக்கமாகவும் இருக்கக்கூடும் என அவர்கள் வாதிட்டனர். எனவே வீட்டில் வாழும் உரிமை வேறு, குடும்பத்தின் பொறுப்பில் விடப்படுதல் வேறு என்னும் வேறுபாடு அவர்களது சிந்தனையில் பிறந்தது.

இவ்வேறுபாட்டுக்கு நடைமுறை வடிவம் கொடுத்தவர்கள் ஃபுச்சூ நிலையவாசிகள். பெண்களை ஆண் ஊழியர் குளிப்பாட்டுதல், வெளியே செல்லுதற்கும் உறவினரைச் சந்திப்பதற்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் ஆகியவற்றை எதிர்த்து 1970இல் அங்கு உண்ணாவிரதம் நடைபெற்றது. பின்னர் நிலையவாசிகளுள் ஒரு பகுதியினரை வேறிடத்துக்கு மாற்ற முற்பட்டபோது, 1972 செப்டெம்பரில் மாநகர நிருவாகத்தின் தலைமைச் செயலகத்தின் முன்னால் கூடாரமிட்டு அமர்ந்தனர். அம்மறியல் 1974 ஜூன் வரை நீடித்தது. இப்போராட்டத்தில் நிட்டா இசாவோவும் அவர் தங்கை மிட்சுயி கினுக்கோவும் முதன்மை பெறுகின்றனர். நிட்டா, பாதத்தால் தரையில் எழுத்துகளை வரைந்து பேசியவர். அவற்றைப் படித்துரைக்க அருகில் ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவர் 1973இல் நிலையத்தை விட்டு வெளியேறி, தொண்டர்களின் துணையுடன் டோக்கியோவில் வாழத் தொடங்கினார்.

தொண்டர்களின் நல்லெண்ணத்தில் மட்டும் ஒரு வாழ்வு நிலைபெற இயலாது என்பதை அவ்வாழ்வே உணர்த்தியது. மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். இரவுப்பொழுதுக்கு ஆள் கிடையாது. உதவுவோனும் உண்ண வேண்டும். எனவே பராமரிப்பு ஊதியம் பெறும் உழைப்பாதல் வேண்டும், அவ்வூதியத்தை அரசு வழங்குதல் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. நிட்டாவும் தோழரும் நடத்திய பேச்சுவார்த்தைகளின் விளைவாக 1974இல் டோக்கியோ நிருவாகம், கடும் பெருமூளை வாதமுடையோருக்கு உதவியாளரை வழங்கும் திட்டத்தை ஏற்படுத்தியது. அதன் அளவு மிகச் சிறியதாயினும், குடும்பத்தவரல்லாதாரின் பராமரிப்புக்கு அரசு பணம் செலுத்தும் நெறி அங்கே நிலைநாட்டப்பட்டது. 1986இல் ஹாச்சியோஜியில் தோன்றிய சுயாதீன வாழ்வு நிலையமும் அதனைப் பின்பற்றிய ஏனையவையும், உதவியாளரைத் தேர்ந்து பயிற்றும் பொறுப்பை இயலாமையுடையோர் கையிலேயே வைத்து இந்நெறியை விரித்தன.

ஈட்டியவை எளிதில் நிலைக்கவில்லை. 2003 ஜனவரியில் மத்திய அமைச்சு, வீட்டுப் பராமரிப்பு மணித்தியாலங்களுக்கு மாதம் 120 என வரையறை விதிக்க முனைந்தபோது, இயலாமையுடையோர் அமைச்சின் முன் திரண்டனர். 2006இல் கடும் இயலாமையுடையோருக்கான நீண்டநேர வீட்டுப் பராமரிப்புச் சட்டபூர்வச் சேவையாயிற்று. ஆயின் அதே சட்டம் பயனாளியிடம் பத்திலொரு பங்கு கட்டணம் கோரியது. வழக்குகள் தொடர்ந்தன, 2010இல் அரசு இணக்கத்துக்கு வந்தது. 2019இல் இச்சேவையைப் பெற்றுவந்த ஃபுனாகோ யசுஹிக்கோ, கிமுரா எய்க்கோ ஆகிய இருவர் மேலவைக்குத் தெரிவாகினர். தொழில் செய்யும் நேரத்தில் இச்சேவை கிடையாது என்னும் விதியினால், அவர்கள் அவையில் அமரும் நேரத்துக்கான செலவை மேலவையே ஏற்க நேர்ந்தது. உயிர்வாழ உதவலாம், உழைக்க உதவலாகாது என்னும் முரண்பாடு அவ்வேளையில் நாடறிய வெளிப்பட்டது. மறுபுறம், 2016இல் சகமிஹாரா நகரப் பராமரிப்பு நிலையமொன்றில் 19 பேர் அதன் முன்னாள் ஊழியன் ஒருவனால் கொல்லப்பட்டமை, 1970இன் வினா இன்னும் முடிவுறவில்லை என்பதை உணர்த்தியது.

இவ்வரலாறு நம்முடைய நாட்டுக்கும் பொருத்தமுடையது. இலங்கை 2016இல் இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்துக்கு ஏற்பளித்தது. சமூகத்தில் வாழ்வதற்குத் தேவையான ஆளணி உதவியை அதன் 19ஆம் உறுப்புரை உரிமையாகவே கூறுகின்றது. எனினும் ‘சமுதாயம்’, ‘வீடு’ என்னும் சொற்கள் நம்மிடையே பெரும்பாலும் ஊதியமற்ற தாயின் உழைப்பையே குறித்து நிற்கின்றன. அவ்வுழைப்பைப் பாராட்டுவதால் மட்டும் அவளது சுமை குறையாது. அவளுக்குப் பின் அப்பிள்ளைக்கு யார் என்னும் வினாவும் தீராது. பராமரிப்பைப் பொதுப்பொறுப்பாக்கி, அதன்மீதான அதிகாரத்தை அதனைப் பெறுவோரிடமே ஒப்படைக்கும்போதுதான் வீடு அவர்களுக்குரிய வீடாகும். அதுவரை வீட்டுவழிப் பராமரிப்பு என்பது அரசு தன் கடமையைத் தாய்மீது இறக்கிவைத்தலின் மறுபெயராகவே அமையும்.