அத்திரம்பாக்கம்: ஒரு களிமண் அடுக்கின் வயது

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இராபர்ட் புரூஸ் ஃபூட்டிடம் தொடங்கி அவரிடமே முடிந்துவிடுகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். இவை பலரும் அறிந்தவை. அக்கருவிகளின் வயது எப்படித் தெரியவந்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படாத வரலாறு.

ஃபூட்டின் காலத்தில் கல்லின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல வழியில்லை. எது மேலே கிடக்கிறது, எது கீழே என்று மண்ணடுக்குகளை ஒப்பிடத்தான் முடிந்தது. கருவிகள் செம்புரைச் சரளையில் கிடைத்தன. அதற்குக் கீழிருந்த மெல்லிய தகடுகளாலான களிமண், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துப் பாறையாகவே கருதப்பட்டுவந்தது. அப்படியானால் அதற்குள் மனிதக் கருவி இருக்க வழியில்லை, தோண்டவும் காரணமில்லை. 1930களில் வி. டி. கிருஷ்ணசாமியும், 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜியும் இங்கே ஆராய்ந்த பிறகும் அந்த அடையாளம் பெரிதாக அசையவில்லை.

சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு 1999இல் அகழாய்வைத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகளும் பிளப்பான்களும் வெளிப்பட்டன. பாறை என்று ஒதுக்கப்பட்டது, ஆதிமனிதர் நடமாடிய காலத்தில் நீர் கொண்டுவந்து படியவைத்த மண். இத்தலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து. இதற்கு எந்த நுட்பக் கருவியும் தேவைப்படவில்லை; பழைய வகைப்பாட்டை நம்பாமல் இன்னும் ஆழமாகத் தோண்டும் பிடிவாதம் போதுமாக இருந்தது.

வயதைக் கணக்கிடத்தான் இயற்பியல் வேண்டியிருந்தது. தரைமேல் கிடக்கும் குவார்ட்சு மணிகளில் விண்வெளிக் கதிர்கள் மோதும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் இந்த வரவு நின்றுவிடுகிறது. அலுமினியம் ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாகிறது. பெரிலியத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு காலம் பிடிக்கும். எஞ்சிய விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் தெரியும். மண்ணில் பதிந்த காந்தத் திசையும் இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்ததால், புவியின் காந்தத் திசை கடைசியாகப் புரண்ட 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு அடுக்கு முற்பட்டது என்பது தனியாக உறுதியானது. பிரான்ஸ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து பப்பு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு: குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15.1 லட்சம். இரண்டு எண்களில் நாளிதழ்களுக்குப் பெரியதுதான் பிடித்தது. ஆய்வாளருக்குச் சிறியதும் அதே அளவு முக்கியம், ஏனெனில் வயது அதற்குக் கீழே இறங்காது.

மேலடுக்குகளுக்கு வேறு முறை தேவைப்பட்டது. வெயில் பட்டதும் ஃபெல்ட்ஸ்பார் மணிகளில் தேங்கிய ஆற்றல் வெளியேறிவிடும். புதைந்தபின் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் மீண்டும் சேரும். ஒளியூட்டி அதை அளப்பதே ஒளிர்வுக் காலக்கணிப்பு. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தின் அசோக் சிங்வி குழுவினருடன் குமார் அகிலேஷும் சாந்தி பப்புவும் 2018இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே செதுக்கித் தயார்செய்த கல்லிலிருந்து சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் லெவல்லுவா முறை இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, 1.72 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களே சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இம்முறையைக் கொண்டுவந்தனர் என்ற கருத்துக்கு இது நேரடிச் சவால்.

ஆனால் இதை வைத்து ‘நவீன மனிதன் தமிழகத்தில் தோன்றினான்’ என்று எழுதுவோர் கட்டுரையைப் படிக்காதவர்கள். அகழ்வில் விலங்குப் பற்கள் சில கிடைத்தன. மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இந்த உத்தியை நவீன மனிதர் கொண்டுவந்தனரா, இங்கேயே வாழ்ந்த பழைய மனித இனம் தானாக உருவாக்கியதா என்பதைக் கல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.