சைகோனுக்குப் போன பிரெஞ்சுமொழி

பிழைப்புக்காக அயல்நாடு செல்பவர்கள் அந்நாட்டு மொழியைக் கற்றுச் செல்ல வேண்டும் என்பதை நாம் இன்று ஓர் அறிவுரையாகச் சொல்கிறோம். புதுச்சேரி, காரைக்கால் தமிழர் சிலருக்கு அது அறிவுரையன்று, கையிருப்பாகவே இருந்தது. காசு பணம் இல்லாத குடும்பங்களும் பிரெஞ்சுமொழியையே முதலாகக் கொண்டு கடல் கடந்த வரலாறு ஒன்று நமக்கு உண்டு.

1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது. 1862-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்கள் பிரான்சின் வசமாயின. புதிய ஆட்சிக்கு ஆளுநர்களும் தளபதிகளும் மட்டும் போதுமா? வரி தண்டவும், தபால் பிரிக்கவும், சிறை காக்கவும், தெருவில் காவல் புரியவும் ஆட்கள் வேண்டும். இவர்கள் மேலதிகாரியின் ஆணையைப் படித்து, அவனுக்குப் புரியும்படி அறிக்கை எழுத வேண்டும். பிரான்சிலிருந்து ஆள் வரவழைப்பதோ செலவு மிக்கது. வியத்நாமியருள் பிரெஞ்சு அறிந்தோர் அன்று மிகச் சிலரே. இந்த இடைவெளியில்தான் புதுச்சேரியின் பள்ளிகளில் பிரெஞ்சு பயின்ற தமிழ் இளைஞன் நுழைந்தான்.

அதே சைகோனில் வேறு தமிழரும் இருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சென்ற நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். அவர்களுக்கு முதல், பணம். புதுச்சேரியாருக்கு முதல், மொழி. இருவரும் தமிழரே எனினும், அரசு அலுவலகத்தின் மேசைக்கு அப்பால் நின்றவர் ஒருவர், இப்பால் அமர்ந்தவர் மற்றொருவர்.

மொழியோடு சட்டமும் சேர்ந்தபோது கதை மேலும் சுவையாகிறது. 1873-இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றார். நீதிபதி அதனைக் குற்றமாகக் கொண்டார். பிள்ளை அவ்வழக்கைப் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று வென்றார். ஆள்வோரின் சட்டத்தை ஆள்வோரின் மொழியிலேயே எடுத்துக்காட்ட அவரால் இயன்றது என்பதை நாம் மறத்தலாகாது. 1881-இல் வந்த ஆணை, தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கும் உரிமையை இந்தியருக்கு வழங்கியது. அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பொன்னுத்தம்பியும் துறந்து, லாபோர்த் என்னும் பெயர் பூண்டார்.

துறப்பதற்கு ஒரு கையொப்பம் போதும். ஆனால் சைகோனில் அதன் பயனை நுகர மொழி வேண்டும். அங்கே ரெனோன்சான்கள் வாக்களித்தனர். ஐரோப்பியர்க்குரிய ஊதியமும் சலுகைகளும் தமக்கும் உரியன என்று முறையிட்டனர். அம்முறையீடுகளால் தகராறுகள் எழுந்தன. அவர்களின் வாக்குகளைச் சைகோன் பிரெஞ்சுக்காரர் பலர் வெறுப்புடன் நோக்கினர். பிழையின்றிப் பிரெஞ்சு பேசியவனும் தோலின் நிறத்தால் அளக்கப்பட்டான். வியத்நாமியர் கண்ணிலோ அவன் ஆள்வோனின் ஏவலாள். பின்னர் வியத்நாமியரும் பிரெஞ்சு கற்று அதே பதவிகளை நாடியபோது, அவனுடைய தனிச்சிறப்பும் தேயத் தொடங்கிற்று. மொழி கதவைத் திறந்தது. உள்ளே சம இருக்கை போடவில்லை.

1954-இல் ஜெனீவா உடன்படிக்கையோடு இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரி நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. பணி செய்த நாடும் பிறந்த ஊரும் ஒரே ஆண்டில் பிரான்சின் கையை விட்டுப் போயின. 1962-இல் இணைப்பு சட்டப்படி முழுமையுற்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பும் அளிக்கப்பட்டது. சிலர் பிரான்சுக்குப் பெயர்ந்தனர். சிலர் ஓய்வூதியத்தோடு புதுச்சேரியிலேயே தங்கினர். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியார் அழைக்கும் 'சொல்தா' என்னும் சொல், சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே. ஆட்சி போன பின்னும் அது நம் தெருவில் தங்கிவிட்டது.

இன்றும் வேலையை எண்ணிப் பிரெஞ்சு கற்கும் மாணவரிடம் நாம் கற்க வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. மொழியறியாமல் சென்றவனுக்குத் தன்மேல் இழைக்கப்படும் அநீதியைப் படிக்கவும் தெரியாது. சைகோன் தமிழர் தம் உரிமையைக் கேட்டு எழுதத் தெரிந்தவர்கள்; கேட்டது முழுதும் கிட்டவில்லை என்பது வேறு. ஆயினும் சம்பளத்துக்கு மேலாக அம்மொழி அவர்களுக்கு ஈட்டித் தந்தது, கேட்கும் அந்தத் துணிவையே என்று நாம் கருதுகிறோம்.